கல்யாண வீட்டு வீடியோவைத் தொகுக்கும்போது: செட்டிநாட்டு எடிட்டர்களுக்கான கேள்வி பதில்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கத்தில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), குடமுழுக்கு, மஞ்சுவிரட்டு என்று எடுப்பவர்களில் பலர் தாங்களே எடுத்துத் தாங்களே தொகுக்கிறவர்கள். அவர்களுக்காக எழுதியது இது. பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் இரண்டையும் மனத்தில் வைத்தே பதில்கள் தரப்பட்டுள்ளன. எடிட்டிங் மேஜையில் தலைகாட்டும் கோளாறுகளில் பெரும்பாதி கல்யாண வீட்டிலேயே, கேமராவின் செட்டிங்கிலும் கார்டைக் காப்பி எடுத்த விதத்திலும் பிறந்தவை. ஆகவே பல பதில்கள் மென்பொருளை விட்டுக் கேமராவுக்குத் திரும்பிப் போகும்.

கார்டிலிருந்து வீடியோ கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது. சோனி கேமராவில் கிளிப்புகள் ‘பிரைவேட்’ ஃபோல்டருக்குள் ‘எம்4ரூட்’, அதற்குள் ‘கிளிப்’ என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு கிளிப்போடும் ஒரு சின்னத் தகவல் கோப்பும் வரும். எந்தக் கலர் புரொஃபைல், எத்தனை ஃப்ரேம், எந்த டைம்கோடு என்ற விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. பழைய ஏவிசிஎச்டி கேம்கார்டர்களில் இது இன்னும் முக்கியம். நீளமான ஒரே ஷாட்டை அந்தக் கேமரா பல துண்டாக வெட்டி வைக்கும். முழு ஃபோல்டரும் இருந்தால் மென்பொருள் அவற்றைச் சேர்த்து ஒரே கிளிப்பாகக் காட்டும். துண்டுகளைத் தனித்தனியாக இழுத்துப் போட்டால் ஒட்டும் இடத்தில் ஒரு கணம் ஒலி அறுந்துவிடும். அது மந்திரத்தின் நடுவில் வந்தால் மறைக்க வழியே இல்லை.

எனவே கார்டை அதன் முழு உருவத்திலேயே காப்பி எடுங்கள். ஃபோல்டர் பெயரில் தேதி, ஊர், கேமரா, கார்டு எண் நான்கும் இருக்கட்டும். பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, ஏனென்றால் தமிழ் எழுத்து இருக்கும் பாதையைப் படிக்கச் சில பிளக்-இன்கள் தடுமாறும். விண்டோஸில் காப்பி எடுக்க டெராகாபி போன்ற கருவியை ‘வெரிஃபை’ தேர்வோடு பயன்படுத்தினால், போய்ச் சேர்ந்த கோப்பு மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று அதுவே சரிபார்த்துச் சொல்லும். இரண்டு வெவ்வேறு டிஸ்க்குகளில் காப்பி இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். ஒரே டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டராக வைத்தால் அது இரண்டு காப்பி ஆகாது.

ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது?

கணக்கு எளிது. கேமரா காட்டும் எம்பிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை மெகாபிட்) எண்ணை 8-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை எம்பி என்பது வரும். 100 எம்பிபிஎஸ் 4கே என்றால் விநாடிக்கு 12.5 எம்பி, மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா ஆளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 810 ஜிபி. இரண்டு காப்பிக்கு 1.6 டெராபைட். பிராக்ஸியும் (எடிட்டுக்கான இலகுவான நகல்) கேஷும் (மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள்) இறுதி அவுட்புட்டும் இதற்கு மேல். 50 எம்பிபிஎஸ் முழு எச்டி என்றால் இதில் சரிபாதி.

வேலை நடக்கும் டிஸ்க் விண்டோஸில் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், முன்பே பதிந்திருந்த கோப்புப் பட்டியலும் சேர்ந்து சிதையக்கூடும். என்டிஎஃப்எஸ் செய்யும் மாற்றங்களைக் குறித்து வைத்துக்கொண்டே எழுதுவதால் அந்த ஆபத்து அதில் குறைவு. மேக், விண்டோஸ் இரண்டுக்கும் கைமாற்ற வேண்டிய டிஸ்க்குக்கு மட்டும் எக்ஸ்ஃபேட் போதும்.

புதுக் கணினிதான், ஆனாலும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. ஏன்?

எச்.264, எச்.265 கோப்புகள் எல்லா ஃப்ரேமையும் முழுப் படமாக வைத்திருப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படம் இருக்கும். மற்றவை அதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள் மட்டுமே. கார்டில் இடம் மிச்சப்படுத்த இது நல்ல வழி. எடிட் செய்யும்போதோ, நீங்கள் கர்சரை வைத்த ஃப்ரேமைக் காட்ட, கணினி பின்னால் போய் முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டு வர வேண்டியிருக்கிறது. மூன்று கேமரா மல்டிகேமில் இந்த வேலை மும்மடங்கு.

இதற்குத் தீர்வு பிராக்ஸி. பிரீமியரில் கிளிப்புகளைத் தேர்ந்து ரைட் கிளிக் செய்து ‘பிராக்ஸி’, ‘கிரியேட் பிராக்ஸீஸ்’. ரிசால்வில் ‘ஜெனரேட் பிராக்ஸி மீடியா’. வடிவம் புரோரெஸ் பிராக்ஸியாகவோ டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பியாகவோ இருக்கட்டும். இவற்றில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம். 1080பி, 25 ஃப்ரேமில் புரோரெஸ் பிராக்ஸி மணிக்கு ஏறக்குறைய 17 ஜிபி எடுக்கும். இரவில் ஓட விட்டுவிட்டுக் காலையில் உட்கார்ந்தால் வேலை வழுக்கிக்கொண்டு போகும்.

பிராக்ஸி செய்ய நேரமில்லை என்றால் பிளேபேக் ரிசல்யூஷனை கால் பங்காகக் குறையுங்கள். நாய்ஸ் குறைப்பு, வார்ப் ஸ்டெபிலைசர் போன்ற கனமான எஃபெக்டுகளைக் கட்டிங் முடியும்வரை போடாதீர்கள். இவற்றுக்குப் பிறகும் திக்கினால் டிஸ்க்கைப் பாருங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்றிலிருந்து மூன்று 4கே ஓட்டத்தை ஒரே நேரத்தில் படிக்கும்போது அதன் முள் அங்குமிங்கும் அலைந்தே நேரம் போகும். நடப்பு வேலையை எஸ்எஸ்டியிலும் முடிந்த வேலையை ஹார்டு டிஸ்க்கிலும் வைப்பதே சரி. சித்திரை, வைகாசி வெயிலில் மடிக்கணினி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் உண்டு. காலையில் நன்றாக ஓடிய அதே டைம்லைன் பிற்பகலில் திக்கினால் காரணம் அதுதான். அடியில் காற்றுப் போக வழி செய்து, மின்விசிறித் தூசியைத் தட்டுங்கள்.

பிராக்ஸியில் எடிட் செய்தால் அவுட்புட்டும் மங்கலாக வருமா?

வராது. எக்ஸ்போர்ட் ஆகும்போது மூலக் கோப்பே எடுக்கப்படும். பிரீமியரில் எக்ஸ்போர்ட் பக்கத்தில் ‘யூஸ் பிராக்ஸீஸ்’, ரிசால்வில் டெலிவர் பக்கத்தில் ‘யூஸ் பிராக்ஸி மீடியா’ டிக் ஆகாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கலர் பார்க்கும்போது பிராக்ஸியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

ரிசால்வ் இலவசப் பதிப்பில் சில கிளிப்புகளுக்குச் சத்தம் மட்டும் வருகிறது, படம் வரவில்லை.

பெரும்பாலும் அது 10-பிட் 4:2:2 எச்.265 அல்லது எச்.264 கிளிப்பாக இருக்கும். கோப்பில் கோளாறு இல்லை, அதைத் திறக்கும் வசதிதான் அந்தப் பதிப்பில் இல்லை. ஷட்டர் என்கோடர் போன்ற இலவசக் கருவியில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் ஆக மாற்றிக்கொண்டால் 10-பிட்டும் காப்பாற்றப்படும், படமும் ஓடும். கோப்பு பல மடங்கு பெரிதாகும் என்பதால் தேவையான கிளிப்புகளை மட்டும் மாற்றுங்கள். மாதம் நாலைந்து கல்யாணம் இதே கேமராவில் எடுப்பவர் ஸ்டுடியோ பதிப்பை வாங்கிவிடுவது நேரத்துக்கு நல்லது.

செல்போனில் எடுத்த கிளிப்பில் தொடக்கத்தில் வாய் அசைவும் பேச்சும் சரியாக இருக்கின்றன; போகப் போக விலகுகின்றன.

செல்போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃப்ரேம் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே போகும். 30 என்று காட்டினாலும் ஓரிடத்தில் 29, ஓரிடத்தில் 24 ஆகிவிடும். ஒலி சீராக ஓட, படம் மட்டும் பின்தங்கும். ஹேண்ட்பிரேக்கில் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் ஃப்ரேம்ரேட்டை 25 அல்லது 30 என்று கொடுத்து, ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்வு செய்து, தரத்தை ஆர்எஃப் 16 அளவில் வைத்து மாற்றுங்கள். மாற்றிய கோப்பை மட்டுமே டைம்லைனில் போட வேண்டும். பாதி எடிட் முடிந்த பிறகு மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துவிடும் என்பதால் இது முதல் நாள் வேலை.

ஐபோன் கிளிப் மட்டும் வெளுத்துப்போய், முகம் எரிந்தாற்போல் தெரிந்தால் அது எச்டிஆரில் எடுக்கப்பட்டது. பிரீமியரின் புதிய பதிப்புகளில் சீக்வன்ஸ் செட்டிங்கில் ‘ஆட்டோ டோன் மேப்’ தேர்வு அதைச் சாதாரண டைம்லைனுக்கு இறக்கித் தரும். அடுத்த முறை போனின் கேமரா செட்டிங்கில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

25 ஃப்ரேமா, 30 ஃப்ரேமா? படத்தில் ஏன் பட்டை பட்டையாக ஓடுகிறது?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடி சீரியலும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இந்தத் துடிப்பு முழு எண்ணிக்கையில் அடங்கும், வெளிச்சம் சீராக இருக்கும். 1/60, 1/125 என்று வைத்தால் மீதி விழுந்து, திரையில் இருட்டுப் பட்டை மேலும் கீழும் நகரும். ஆகவே எல்லாக் கேமராவும் பால் (PAL) முறையில், 25பி, ஷட்டர் 1/50. ஸ்லோ மோஷன் வேண்டிய கேமரா 50பி, ஷட்டர் 1/100. அதை 25 டைம்லைனில் 50 சதவீத வேகத்தில் போட்டால் ஒரு ஃப்ரேமும் வீணாகாமல் வழுவழுப்பாக வரும். ஒரே கல்யாணத்தில் ஒருவர் 25, இன்னொருவர் 29.97 என்று எடுத்துவந்தால், நடந்துவரும் மாப்பிள்ளை ஒவ்வொரு விநாடியும் லேசாகத் துள்ளுவார். எடிட்டில் அதைச் சரிசெய்ய முடியாது, மட்டுப்படுத்தத்தான் முடியும்.

பட்டை ஏற்கெனவே விழுந்துவிட்டதா? ரிசால்வ் ஸ்டுடியோவில் ‘டீஃப்ளிக்கர்’ இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். இல்லாதவர்கள் அதே கிளிப்பை மேல் டிராக்கில் இன்னொரு முறை வைத்து, ஒரு ஃப்ரேம் தள்ளி, ‘ஒப்பாசிட்டி’யை 50 சதவீதமாக்கிப் பாருங்கள். அசைவு குறைந்த ஷாட்டில் பயன் தரும். கை வேகமாக அசையும் இடத்தில் நிழல் இரட்டிக்கும், அங்கே வேண்டாம்.

நாதஸ்வரமும் தவிலும் பிளந்து கேட்கின்றன. எடிட்டில் சரியாகுமா?

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சி தட்டையாக வெட்டியது போல் இருந்தால் அந்த ஒலி பதிவாகவே இல்லை. சத்தத்தைக் குறைத்தால் அதே பிளவு மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். ஆடிஷனில் உள்ள ‘டீகிளிப்பர்’ வெட்டுப்பட்ட உச்சியை ஊகித்து வரைந்து கொடுக்கும். லேசான பிளவுக்கு உதவும், கெட்டிமேளம் முழுக்கப் பிளந்ததற்கு உதவாது. அதைவிட நல்ல வழி, தூரத்தில் நின்ற இன்னொரு கேமராவின் ஒலியை அந்த இடத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வது. முகப்பில் நின்ற கேமராவின் ஒலி கொஞ்சம் எதிரொலிக்கும், ஆனால் பிளவு இருக்காது.

பதிவின்போது செய்ய வேண்டியது: ஆட்டோ லெவலை அணைத்து, கைமுறையில் உச்சம் −12 டிபிக்குள் (டெசிபல்) நிற்கும்படி வையுங்கள். அளவைத் தவில் தனி ஆவர்த்தனத்தில் பார்க்க வேண்டும், ஆலாபனையில் அல்ல. மைக்கில் −10 டிபி சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். மைக்கிலேயே பிளந்து வரும் ஒலிக்குக் கேமராவின் மீட்டர் நல்ல பிள்ளை போல நடுவில்தான் நிற்கும். இரண்டு சேனல் உள்ள ரெக்கார்டரில் ஒரு சேனலை 10 முதல் 12 டிபி குறைத்துப் பதிந்து வைத்தால், திருப்பூட்டுதல் (தாலி கட்டும்) நேரத்தில் அந்தச் சேனல்தான் உங்களைக் காப்பாற்றும்.

கலவையில் எங்கள் கருத்து இது. மங்கல வாத்தியத்தையும் பேச்சையும் ஒரே மட்டத்துக்குக் கம்ப்ரஸரால் அமுக்காதீர்கள். பேச்சின் உச்சம் −10 டிபி சுற்றி இருக்கட்டும். கழுத்துரு (நகரத்தார் திருமாங்கல்யம்) ஏறும் கணத்தில் கெட்டிமேளம் −3 வரை எழட்டும். கடைசியில் −1 டிபியில் ஒரு லிமிட்டர் போதும். அந்த எழுச்சியைக் கேட்டுத்தான் சமையல்கட்டில் இருக்கும் ஆச்சியும் கை வேலையை விட்டுவிட்டு அட்சதையோடு ஓடிவருவார். வீடியோவிலும் அது எழ வேண்டும். யூடியூப் −14 லஃப்ஸுக்கு (LUFS, சராசரிச் சத்த அளவு) மேல் சத்தமான வீடியோவைத் தானே குறைத்துவிடும் என்பதால் மொத்தமாக ஏற்றி வைப்பதால் பயனும் இல்லை.

மல்டிகேமில் ஒலியை வைத்து சிங்க் செய்தேன். ஒரு கேமரா மட்டும் இரண்டு, மூன்று ஃப்ரேம் தள்ளி நிற்கிறது.

மென்பொருள் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஒலிதான் தாமதமாக வந்தது. 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது 40 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் ஒலி ஏறக்குறைய 14 மீட்டர்தான் போகும். நம் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும். வாத்தியக்காரர் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், கேமரா முகப்புத் திண்ணையில் என்றால் 40 மீட்டர் எளிதில் வந்துவிடும். மூன்று ஃப்ரேம் போயிற்று. படத்தைப் பார்த்து அந்தக் கோணத்தை மட்டும் நகர்த்துங்கள். இதற்கு மிக நல்ல அடையாளம் ஸ்டில் போட்டோகிராபரின் ஃபிளாஷ். ஒளிக்குத் தாமதம் இல்லை, எல்லாக் கேமராவிலும் ஒரே ஃப்ரேமில் பளிச்சிடும்.

தொடக்கத்தில் பொருந்தி, ஒரு மணி நேரம் கழித்து விலகினால் அது வேறு. கேமராவுக்கும் ரெக்கார்டருக்கும் உள்ளே இருக்கும் கடிகாரங்கள் மிக நுண்ணிய அளவில் மாறுபடுகின்றன. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, பேச்சில்லாத இடம் பார்த்து ஒலியை வெட்டி, ஒரு ஃப்ரேம் நகர்த்தி ஒட்டிவிடுங்கள். எல்லாக் கேமராவின் தேதி, நேரத்தையும் காலையில் ஒன்றாக வைத்திருந்தால் முந்நூறு கிளிப்பை வரிசைப்படுத்தும் வேலை பாதியாகும். இந்தச் சின்ன விஷயத்தை யாரும் செய்வதில்லை என்பது வருத்தம்.

வளவு வாசலில் வெளிச்சம் கொட்டுகிறது, பத்தியில் இருட்டு. கலர் எப்படிப் பார்ப்பது?

வளவின் (வீட்டின் உள்முற்றப் பகுதி) திறந்த வாசலுக்கு மேலிருந்து வரும் பகல் ஒளி 5600 கெல்வின் சுற்றி. பட்டாலைக் கூடத்தில் தொங்கும் மஞ்சள் பல்பு 3000 சுற்றி. ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் விட்டால் கேமரா திரும்பும்போதெல்லாம் நிறம் மாறும், ஒரே ஷாட்டுக்குள் மாறுவதை எடிட்டில் பிடிப்பது பெரும்பாடு. ஒன்றைத் தேர்ந்து நிலையாக வையுங்கள். முகத்தில் எந்த ஒளி விழுகிறதோ அதற்கு. ஒவ்வோர் இடத்திலும் தொடக்கத்தில் சாம்பல் அட்டை ஒன்றை ஐந்து விநாடி எல்லாக் கேமராவுக்கும் காட்டினால் மேட்சிங் சுலபம். பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரை வெள்ளை என்று நம்பி ஐட்ராப்பரால் தொடாதீர்கள். அது தந்த நிறம். தொட்டால் முகங்கள் நீலமாகும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெயில் விழுந்தால் அந்தச் சிவப்பு மேலெழுந்து தாடைக்கடியில் படியும். அதற்காகச் சிவப்பு முழுவதையும் குறைத்தால் குங்குமமும் பட்டும் செத்துப்போகும். ரிசால்வில் முகத்துக்கு ஒரு விண்டோ போட்டு, ட்ராக் செய்து, டின்ட்டைச் சற்றே பச்சைப் பக்கம் தள்ளினால் போதும். வண்ணக் கண்ணாடி ஜன்னலிலிருந்து விழும் ஒளியை மட்டும் திருத்தவே வேண்டாம். அந்த வீட்டுக்காரர்களுக்கு அதுதான் வீடு.

லாக் புரொஃபைலில் (வெளுப்பாகப் பதிந்து எடிட்டில் நிறம் ஏற்றும் முறை) எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 8-பிட் கேமராவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 10-பிட்டில் 1024. 8-பிட்டில் எஸ்-லாக்3 எடுத்து இழுத்தால் வழவழப்பான சுவரில் படிக்கட்டு போலக் கோடு கோடாகத் தெரியும். அப்படி வந்துவிட்டால் மிக லேசாக ஃபிலிம் கிரெய்ன் சேர்த்தால் ஓரளவு மறையும். 8-பிட் கேமராவில் சாதாரண புரொஃபைலே பாதுகாப்பு. லட் (LUT, நிறத்தை மாற்றித் தரும் தயார் அட்டவணை) போடும்போது வெளிச்சத் திருத்தம் லட்டுக்கு முந்தைய நோடில் இருக்க வேண்டும்; லட் அறுத்துவிட்ட நகையின் மினுக்கத்தை அதற்குப் பிந்தைய நோடு மீட்காது.

கண்டாங்கிச் சேலைக் கட்டங்களில் அலை அலையாக ஏதோ நெளிகிறது.

நெருக்கமான கட்டமும் கேமராச் சென்சாரின் கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது வரும் மாய அலை அது. முதலில் திரையை 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். பிரிவ்யூவைச் சுருக்கியதால் மட்டும் தெரிந்தால் அவுட்புட்டில் இருக்காது. 4கே கிளிப்பை 1080 டைம்லைனுக்குச் சுருக்கும்போது வந்தால், ரிசால்வில் ரீசைஸ் ஃபில்டரை ‘ஸ்மூதர்’ ஆக்குங்கள். பிரீமியரில் ‘மேக்ஸிமம் ரெண்டர் குவாலிட்டி’ டிக் செய்யுங்கள். பதிவிலேயே இருந்தால் சேலைப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு, மிகக் குறைந்த அளவு காஸியன் பிளர் கொடுத்து, நிறச் செறிவைச் சற்றுக் குறைப்பதே வழி. எடுக்கும்போது ஓரடி முன்னே பின்னே நகர்ந்தாலே பெரும்பாலும் போய்விடும்.

தமிழ்த் தலைப்பில் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன.

மென்பொருளின் எழுத்து இயந்திரம் ஐரோப்பிய மொழிகளுக்கானதாக இருக்கிறது. பிரீமியரில் ப்ரிஃபரன்ஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ப்ரிஃபரன்ஸ், டைப். மாற்றிய பிறகு எழுத்து லேயரைப் புதிதாக உருவாக்குங்கள். பழைய லேயர் பழையபடியே நிற்கக்கூடும். எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி, மீரா இனிமை போன்ற யூனிகோடாக இருக்க வேண்டும். அழைப்பிதழ் அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தந்த பெயர்களை என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடாக்கி ஒட்டலாம். உங்கள் ரிசால்வ் பதிப்பில் இன்னும் உடைந்தால், ஃபோட்டோஷாப்பிலோ இங்க்ஸ்கேப்பிலோ எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவாருங்கள்.

நகரத்தார் வீட்டுத் தலைப்புகளில் விலாசம் (பெயருக்கு முன் வரும் எழுத்தடுக்கு) மிக முக்கியம். ‘மெய்.’, ‘சித.’, ‘ராம.’ என்று தொடரும் அடுக்கில் ஓர் எழுத்தோ புள்ளியோ விட்டால் குறிப்பிடப்படுவது வேறொரு குடும்பம். விலாசத்தின் நடுவில் வரி உடையாதபடி பெட்டியின் அகலத்தை வையுங்கள். இசைகுடிமானம் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடு) எழுதும் ஷாட்டில் பெயர்கள் தெளிவாக இருந்தால் அதோடும் ஒப்பிட்டுவிடுங்கள். ரெண்டருக்கு முன் தலைப்புப் பக்கங்களைப் படமாக எடுத்து வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். ஐந்து நிமிட வேலை. விட்டால் முழு அவுட்புட்டையும் மறுபடி எடுக்க நேரும்.

திறந்தால் எல்லாம் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக இருக்கிறது!

பதற வேண்டாம். நேற்று ‘ஈ’ டிரைவாக இருந்த டிஸ்க் இன்று ‘எஃப்’ ஆகியிருக்கும். பிரீமியரில் ‘லிங்க் மீடியா’, ‘லொக்கேட்’. ஒரு கோப்பைக் காட்டினால் அதே ஃபோல்டரில் உள்ள மற்றவை தானே சேரும். ரிசால்வில் ‘ரீலிங்க் செலக்டட் கிளிப்ஸ்’. மீண்டும் வராமலிருக்க விண்டோஸ் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் அந்த டிஸ்க்குக்கு எஸ் (S), டி (T) போன்ற பின்னெழுத்து ஒன்றை நிலையாகக் கொடுங்கள். ஒரே பெயரில் இரண்டு கார்டுக் கிளிப்புகள் இருந்தால் தவறான படம் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் கார்டு ஃபோல்டர்கள் தனித்தனியாக இருப்பது இங்கேயும் கை கொடுக்கும்.

எக்ஸ்போர்ட் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது.

ஒரே இடம் என்பது நல்ல செய்தி, குற்றவாளி அங்கேயே இருக்கிறது. மூன்று மணி நேர வீடியோவில் 60 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1:48:00. அங்கே போய்ப் பாருங்கள். மிகப் பெரிய ஸ்டில் போட்டோவா, வெளி பிளக்-இன்னா, பழுதான கிளிப்பா? போட்டோ என்றால் 4000 பிக்சல் அகலத்துக்குள் சுருக்கி மாற்றுங்கள். எஃபெக்ட் என்றால் அணைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்; வேண்டியே இருந்தால் ‘ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்’. கிளிப் என்றால் ஷட்டர் என்கோடரில் மறுபடி மாற்றிப் போடுங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் கணினியைச் சந்தேகியுங்கள்: டிஸ்க்கில் இடமின்மை, கிராஃபிக்ஸ் கார்டு நினைவகம் நிரம்பியது, சூடு, டிரைவர். ஹார்டுவேர் என்கோடிங்கை ‘சாஃப்ட்வேர்’ என்று மாற்றினால் நேரம் கூடும், ஆனால் முடிந்துவிடும். நாளை காலை கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில், டைம்லைனை அரை மணி நேரத் துண்டுகளாக எக்ஸ்போர்ட் செய்து சேர்ப்பது நம்பகமான வழி.

பிரீமியரில் அலைவடிவம் காணவில்லை, பச்சைக் கட்டங்கள் தெரிகின்றன, ப்ராஜெக்ட் திறக்கவே மாட்டேன் என்கிறது.

முதல் இரண்டுக்கும் ப்ரிஃபரன்ஸில் மீடியா கேஷை அழித்துவிட்டு மீண்டும் திறங்கள். கேஷ் ‘சி’ டிரைவில் குவியாமல் வேறு எஸ்எஸ்டிக்கு மாற்றியும் வையுங்கள். மூன்றாவதற்கு, புதிய ப்ராஜெக்ட் ஒன்றைத் தொடங்கி, பழையதை அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள். அதுவும் மறுத்தால் ஆட்டோ-சேவ் ஃபோல்டரில் கடைசிக்கு முந்தைய பிரதி. ஆட்டோ-சேவ் 5 நிமிடத்துக்கு ஒன்று, 30 பிரதிகள் என்று வைத்து, ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் தினமும் வேறிடத்தில் காப்பி எடுங்கள். கிளிப்புகளோடு ஒப்பிட்டால் அதன் அளவு ஒன்றுமே இல்லை. யுபிஎஸ் வாங்கும்போது கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு 600 விஏ போதாது, ரெண்டர் சுமையில் அணைந்துவிடும். 1 கேவிஏக்குக் குறையாமல் பாருங்கள்.

எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரி போய்விட்டது. கடைசி கிளிப் திறக்கவில்லை.

எம்பி4 கோப்பின் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. அது இல்லாததால் உள்ளே படம் இருந்தும் எந்த மென்பொருளுக்கும் படிக்கத் தெரியவில்லை. அந்தக் கார்டில் இனி எதையும் பதியாதீர்கள், ஃபார்மட் வேண்டவே வேண்டாம். முதலில் அதே கேமராவில் போட்டு ஆன் செய்யுங்கள். பல கேமராக்கள் ‘சரிசெய்யட்டுமா’ என்று தாங்களே கேட்கும். முடியாவிட்டால் ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி உண்டு. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததற்கு அட்டவணை கட்டித் தரும். தவறுதலாக அழித்த கார்டுக்கு ஃபோட்டோரெக்.

வீட்டில் 1980, 90களின் கல்யாணக் கேசட் இருக்கிறது. பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். எப்படி மாற்றுவது?

முதலில் கேசட் ஜன்னல் வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் விசிஆரில் போடாதீர்கள். நாடாவும் அறும், ஹெட்டும் கெடும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால் ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகு பதியுங்கள். பால் விஎச்எஸ் என்பது 720×576, விநாடிக்கு 25 ஃப்ரேம், ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு ஃபீல்டு (ஒன்றுவிட்ட வரிகளாலான அரைப்படம்). டிவி (DV) வடிவில் பதிந்தால் கீழ் ஃபீல்டு முதலில் வரும். அசைவு முன்னும் பின்னும் துடித்தால் ஃபீல்டு வரிசை தவறு. ‘இன்டர்பிரட் ஃபுட்டேஜ்’ல் மாற்றுங்கள். டீஇன்டர்லேஸ் (அரைப்படங்களை முழுப் படமாக்குதல்) செய்யும்போது 25 ஃப்ரேமுக்கு இறக்காமல் 50 ஃப்ரேமாக எடுத்தால் அந்தக் காலத்து அசைவின் இயல்பு அப்படியே இருக்கும். ஹேண்ட்பிரேக்கில் ‘பிவ்டிஃப்’ ஃபில்டரில் ‘பாப்’ தேர்வு.

கீழே பத்துப் பன்னிரண்டு வரி கலைந்து தெரிவது ஹெட் மாறும் இடம், வெட்டிவிடலாம். 1080 டைம்லைனில் 1440×1080 ஆக வைத்து இருபுறமும் கறுப்பு விடுங்கள். முழுத் திரைக்கு இழுத்தால் ஐயாவும் அப்பத்தாவும் குட்டையாகவும் பருமனாகவும் ஆகிவிடுவார்கள். மூலப் பதிவை எந்தத் திருத்தமும் இல்லாமல் தனியாக ஒரு பிரதி வையுங்கள். நாடா இன்னும் எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது.

கடைசியில் எந்த வடிவத்தில் கொடுப்பது?

டிவிக்கு: 1080பி, 25 ஃப்ரேம், எச்.264, ஏஏசி ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். எச்.265 4கே எல்லா டிவியிலும் ஓடாது. ஃபேட்32 பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. 8 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் 3.6 ஜிபிதான் என்பதால், மாப்பிள்ளை அழைப்பு, திருப்பூட்டுதல், மாலை வரவேற்பு என்று பகுதி பகுதியாகக் கொடுத்தால் எந்த டிவியிலும் ஓடும், பார்க்கிறவருக்கும் வசதி.

மலேசியா, சிங்கப்பூர் உறவினருக்கு யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ இணைப்பு. அன்லிஸ்டட் என்றாலும் சினிமாப் பாட்டு உரிமைச் சோதனை நடக்கும். சில நாடுகளில் வீடியோவே தடைபடலாம். ஹைலைட்ஸுக்கு உரிமம் பெற்ற இசையோ, அந்தக் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரத்தையோ பயன்படுத்துங்கள். அவர்கள் வாசித்ததே சினிமாப் பாட்டு என்றால் அதுவும் மாட்டலாம், கீர்த்தனை வாசித்த பகுதியைத் தேர்ந்தெடுங்கள். 1080 வீடியோவை 4கே அளவுக்குப் பெரிதாக்கி ஏற்றினால் யூடியூப் மேலான என்கோடிங்கைத் தரும். சேலை ஜரிகையில் வித்தியாசம் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும்.

கொடுப்பதற்கு முன் பென் டிரைவை உங்கள் கணினியில் அல்லாமல் ஒரு சாதாரண டிவியில் செருகி, தொடக்கம், நடு, முடிவு மூன்று இடத்திலும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ப்ராஜெக்ட் கோப்பையும் மூலக் கிளிப்புகளையும் எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.